பதினோரு பேருக்குக் கட்டிய காப்பு

எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு நீதிமன்றம் கூடும். நீதிபதிகள் நாலைந்து பேர். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, எல்லோருக்கும் சர்க்கரை வியாதி, ஆனால் டீயில் இனிப்பு குறைந்தால் கடைக்காரருக்கு அர்ச்சனை விழும். போன வாரம் விசாரணைக்கு வந்தவர் ஏதோ ஒரு நாட்டின் வேகப்பந்து வீச்சாளர். நாட்டு அணியின் சுற்றுப்பயணத்துக்கு இடுப்பு வலி என்று லீவு சொன்னவர், அடுத்த மாதமே ஒரு லீக்கில், வேறு தேசத்து நகரம் ஒன்றின் சட்டையை மாட்டிக்கொண்டு, முழு வேகத்தில் ஓடிவந்து பந்து போட்டாராம். செய்தியை ஒருவர் செல்போனில் சத்தமாக வாசித்தார். தீர்ப்பு வர ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"துரோகி," என்றார் ரிட்டையர் ஆன கண்டக்டர். "பெத்த தாயையே ஏலம் வுட்டுருவானுங்க இவனுங்க."

எனக்கு இந்த நீதிமான்களை நன்றாகத் தெரியும். கண்டக்டரின் மூத்த மகன் சென்னையில் நாலு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறியவன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்பா இதே கடையில் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். செய்தி வாசித்தவர் ஊர்ப் பால் சொசைட்டிக்கு இருபது வருஷம் பால் ஊற்றியவர். தனியார் வேன் வந்து நின்ற மறுநாளே கேனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். மூன்றாமவர் தேர்தலுக்குத் தேர்தல் தோள் துண்டை மாற்றுகிறவர். ஒரு துண்டு சாயம் போகிற வரைக்கும்கூட ஒரு கட்சியில் இருந்ததில்லை. இவர்கள் எல்லாம் கூடி, முகம் பார்த்தேயிராத ஒருவன் தன் நாட்டுக்கு விசுவாசமாக இல்லை என்று கொதிக்கிறார்கள். விசுவாசம் என்பது எப்போதும் அடுத்தவன் வீட்டில் இருக்கவேண்டிய சாமான்.

"நீ என்னா ஒண்ணும் சொல்ல மாட்டங்கற?" என்று கண்டக்டர் என்னைச் சீண்டினார்.

"டீ ஆறிப்போச்சு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவர் சீண்டியதில் நியாயம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்புவரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி நான்தான். லீக்குக்காக நாட்டை விட்டவன் எவன், முதுகு வலி என்று பொய் சொன்னவன் எவன் என்று ஒரு பட்டியலே என் வாயில் இருந்தது. என்னை அந்தப் பதவியிலிருந்து இறக்கியவன் என் அக்காள் மகன்.

நான் எங்கள் ஊர் கிரிக்கெட் டீமுக்கு மேனேஜர். அப்படி ஒரு பதவியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பாப்பிரெட்டிப்பட்டியில் பம்ப் செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரு தடவைகூட இருபது ரன் அடித்ததில்லை. ஆடத் தெரியாதவனுக்குத்தான் ஆட்டத்தின் மானம் மரியாதை எல்லாம் அதிகமாகத் தெரியும். பந்து, ஸ்டம்பு, சட்டையில் ஊர்ப் பெயர் அச்சடிப்பது, தோற்றால் திட்டுவது, இவ்வளவும் என் பொறுப்பு.

வருஷத்துக்கு ஒரு மேட்ச்தான் எங்களுக்கு முக்கியம். மாரியம்மன் திருவிழா வாரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரோடு ஆடுகிற மேட்ச். டென்னிஸ் பந்து, டீமுக்கு எட்டு ஓவர், ஒரு பித்தளைக் கப்பு. அந்தக் கப்பில் ஒரு படி அரிசிகூடப் பிடிக்காது. அதற்காக நாலு வருஷமாகத் தோற்று, நாலு வருஷமாக அந்த ஊர்க்காரர்கள் கடைக்கு வந்தால் மோட்டாரைப் பற்றிப் பேசாமல் மேட்சைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, நான் நொந்துபோயிருந்தேன்.

எங்களிடம் இருந்த ஒரே நல்ல ஆட்டக்காரன் அந்த அக்காள் மகன்தான். முப்பத்திரண்டு வயது. டென்னிஸ் பந்தை அவன் போட்டால் பிட்ச்சில் விழுந்தபின் அது எந்தப் பக்கம் போகும் என்று எங்கள் கீப்பருக்கே தெரியாது. பிழைப்புக்கு லோடு வண்டி ஓட்டினான். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி, தொப்பூர் கணவாய் இறங்கி, ஈரோடு வரைக்கும் போய்வருவான். அந்த இறக்கத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இதெல்லாம் நடப்பதற்கு முந்தைய வருஷம் அவனுக்கு முன்னால் போன சிமெண்ட் லாரி பிரேக் பிடிக்காமல் சாய்ந்தது. அவன் வண்டியை மலைப் பக்கம் அணைத்துத் தப்பினான். ஒரு பக்கக் கதவு மட்டும் போனது. அன்றிலிருந்து அவன் மனைவி, அவன் தொப்பூர் தாண்டிவிட்டேன் என்று போன் செய்கிறவரை சோற்றில் கை வைக்கமாட்டாள். கிளம்புவதற்கு முன்னால் அவன் மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, விபூதி வைத்துக்கொண்டுதான் போவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, ஓசூர்ப் பக்கம் ஒரு லீக் நடத்தறாங்க. எட்டு டீமு. ஏலத்துல என்ன எடுத்திருக்காங்க."

நான் சிரித்தேன். டென்னிஸ் பந்துக்கு ஏலம். கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, நாற்காலிக்குத் துணி சுற்றி, கல் கிரஷர் முதலாளியும் கோழிப்பண்ணை முதலாளியும் கையில் அட்டையோடு உட்கார்ந்து, மைக்கில் ஒருவன் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று கத்தினானாம். டீம்களுக்கு எல்லாம் புலி, சிங்கம், கழுகு என்று பெயர். காட்டில் மிச்சம் இல்லாத மிருகம் எல்லாம் சட்டையில் இருந்தது. பெரிய மனுஷர்கள் டி.வி.யில் செய்கிற கூத்தை, அதே கோட்டு சூட்டோடு, வெயிலில் வேர்த்து வடிந்துகொண்டு இவர்களும் செய்திருக்கிறார்கள்.

"எந்தத் தேதி?" என்றேன்.

அவன் சொன்ன தேதி எங்கள் திருவிழா வாரம்.

"நம்ம மேட்சு?"

"அதான் மாமா கேக்க வந்தன். இந்த ஒரு வருஷம் வுட்டுருங்க. டீம் ஓனர் ஒரு கம்பெனி வெச்சிருக்காரு. நல்லா போட்டன்னா அங்கயே சூப்பர்வைசர் வேல, பி.எஃப். புடிக்கற வேலன்னு சொல்லியிருக்காரு. கம்பெனி டீமுக்கும் ஆடலாம். தொப்பூர் எறங்கற பொழப்பே வேணாம்னு வூட்ல அழுவுது."

ஒரு மனுஷன் தன் தேவையை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு, கேட்கிறவனுக்கு இரண்டு வழிதான். போய் வா என்று சொல்லலாம். அல்லது காது கேட்காதது மாதிரி தத்துவம் பேசலாம். நான் பேசினேன். ஊர் என்றால் என்ன, சட்டையில் இருக்கிற பெயர் என்றால் என்ன, காசுக்குப் போகிறவன் நாளைக்கு எதற்கும் போவான், நாட்டை விட்டு லீக்குக்குப் போனவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள், என்று அரை மணி நேரம். பம்ப் செட்டுக்கு வந்த ஒருவர் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா சொன்னீங்க" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க மாமா, யோசிக்கறன்," என்று சொல்லிவிட்டுப் போனான். யோசிக்கிறேன் என்றால் போகப்போகிறான் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே நான் பூசாரியைப் பார்க்கப் போனேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். திருவிழா தொடங்கும் நாளில், தீ மிதிக்கிறவர்களும் வேண்டுதல் இருக்கிறவர்களும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பூசாரி ஒருவரே இத்தனை பேருக்குக் கட்டமுடியாது என்பதால், கயிற்றை அவர் பூஜை போட்டுக் கொடுப்பார், வீட்டுக்கு மூத்தவரோ தாய்மாமனோ கட்டுவார். ஒன்பதாம் நாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அவிழ்க்கவேண்டும். கட்டிய கைதான் அவிழ்க்கவேண்டும். இது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதி வைத்த சட்டங்களை விட எங்கள் ஊரில் இதற்கு மதிப்பு அதிகம்.

"கிரிக்கெட் டீமுக்குக் காப்பு கட்டலாமா?" என்று பூசாரியைக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னா வேண்டுதல்?"

"ஜெயிக்கணும்னு."

"தீ மிதிக்கறாங்களா?"

"இல்ல. மேட்ச் ஆடுவாங்க."

"ஆத்தாவுக்கு மேட்சு எல்லாம் தெரியாது. வேண்டுதல்னு சொல்ற, கட்டிக்க." பதினோரு கயிறு எடுத்துத் தந்தார்.

என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன். பெரிய பெரிய கிரிக்கெட் போர்டுகள் வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுதியும் நிறுத்த முடியாத ஆட்டக்காரர்களை, நான் ஒரு முழம் கயிற்றில் நிறுத்தப்போகிறேன். அவனுக்கு மட்டும் கட்டினால் சூது தெரிந்துவிடும். அதனால் பதினோரு பேருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் டீமை வரிசையாக நிற்க வைத்தேன். மற்ற பத்துப் பேரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். ஒருவன் செல்ஃபி எடுத்தான். என் அக்காள் மகன் கடைசியில் நின்றான். அவன் முறை வந்தபோது கையை நீட்டவில்லை.

"மாமா, இது வேணுமா?" என்றான் மெதுவாக.

"ஆத்தா பேர்ல கட்டறது. வேணாம்னு நீயே ஆத்தாகிட்ட சொல்லிக்க," என்றேன். சுற்றி ஊரே நின்றுகொண்டிருந்தது.

தொப்பூர் இறங்குகிறவன் கோயில் வாசலில் நின்றுகொண்டு மாரியம்மனிடம் வேண்டாம் என்று சொல்வானா? பந்து போடுகிற வலது கையை நீட்டினான். மூன்று முடிச்சுப் போட்டேன். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டேன்.

"நீங்க கட்டிக்கலீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "மேனேஜருக்கு எதுக்கு?" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். உண்மை வேறு. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் என் மகனின் புது ஃபிளாட் கிரகப்பிரவேசம். அதற்கு முன்னாலேயே நான் எல்லை தாண்டவேண்டியிருந்தது.

அக்காள் மகன் ஓசூருக்குப் போன் செய்து வரமுடியாது என்று சொல்லிவிட்டான். லோடு வண்டிக்கு எட்டு நாளைக்கு வேறு ஆள் போட்டான். நான் டீக்கடையில் வெற்றி விழா கொண்டாடினேன். "இப்பிடி ஒரு மேனேஜர் இருந்தா எவன் லீக்குக்குப் போவான்?" என்றார் கண்டக்டர். அன்றைக்கு வடை நான் வாங்கினேன்.

மேட்ச் புதன்கிழமை. வழக்கமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடுவோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராட்டினக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பெரிய ராட்டினம், கப்பல் ஊஞ்சல், சிறுசுகளுக்கு ரயில். திருவிழா கமிட்டி அவர்களுக்கு இடம் கொடுத்தது பள்ளிக்கூட மைதானத்தில், எங்கள் பிட்ச் மேலேயே. கமிட்டியில் நானும் உறுப்பினர். இடம் ஒதுக்கிய கூட்டத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எந்த மைதானம் என்று படிக்கவில்லை.

"பரவால்லீங்க, எங்க ஏரி மைதானத்துல ஆடிக்கலாம்," என்று எதிர் ஊர்க் கேப்டன் பெருந்தன்மையாகச் சொன்னான். நானும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மூன்று மணிக்கு எங்கள் டீம் மேளத்தோடு கிளம்பியது. புது மஞ்சள் சட்டை. நான் முன்னால் நடந்தேன். ஓடைக்கு இந்தப் பக்கம், புங்கமரத்தடியில், குங்குமம் தடவிய எல்லைக்கல் நிற்கிறது. நான் அதைத் தாண்டிப் பத்தடி போய்விட்டேன். பின்னால் மேளம் நின்றது. திரும்பிப் பார்த்தால் பதினோரு பேரும் கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

"என்னாடா?" என்றேன்.

எங்கள் கேப்டன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான்.

ஏரி மைதானம் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பது எங்கள் ஊரில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். நாலு வருஷத் தோல்வி, ஒரு கயிறு, என் சாமர்த்தியம், இவற்றுக்கு நடுவில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. கோயிலுக்கு ஆள் ஓடியது. பூசாரி வரவில்லை, பதில் மட்டும் வந்தது: "கட்டறப்ப எங்கிட்ட மேட்ச் எங்கன்னு சொல்லலியே."

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. எதிர் டீமை இந்தப் பக்கம் வந்து ஆடக் கூப்பிட்டேன். இந்தப் பக்கம் இருந்தது ஒருவருடைய மரவள்ளித் தோட்டம். அவர் வேலியில் நின்றுகொண்டு, காலை வைத்துப் பாருங்கள் என்றார். ஒருநாளைக்கு மட்டும் எல்லைக்கல்லை ஏரி வரைக்கும் தள்ளி வைக்கலாமா என்று எங்கள் டீமிலேயே ஒரு அறிவாளி கேட்டான். அதைக்கூட நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். எதிர் ஊர்க்காரர்கள் ஓடைக்கரையில் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். மேட்ச் பார்க்க வந்த கூட்டத்துக்கு மேட்சை விட இது நன்றாக இருந்தது. நாலரை மணிக்கு அம்பயர் வாட்சைப் பார்த்துவிட்டு, வராத டீம் தோற்றதாக அறிவித்தார். ஒரு பந்துகூடப் போடாமல் பித்தளைக் கப்பு ஐந்தாவது தடவையாக ஓடையைத் தாண்டிப் போனது.

அக்காள் மகனைத் திரும்பிப் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் இருந்த பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான்தான் திட்டினேன். ராட்டினக்காரரை, கமிட்டியை, எதிர் ஊரை, அம்பயரை. என்னைத் தவிர எல்லோரையும்.

வெள்ளிக்கிழமை காலையில் பொம்மிடியில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போய்விட்டேன். ஊரில் இருந்தால் கேலி தாங்கமுடியாது. சனிக்கிழமை மஞ்சள் நீராட்டு, அன்றைக்குக் காப்பு அவிழ்க்கவேண்டும், கட்டிய கை என் தோளில்தான் தொங்குகிறது என்பதெல்லாம் என் புத்தியில் இல்லை. கட்டும்போது இருந்த அக்கறை அவிழ்க்கும்போது எவனுக்கு இருக்கிறது?

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. முதலில் என் அக்காள் மகன். பிறகு கேப்டன். பிறகு அவன் மனைவி. பிறகு மறுபடியும் அவன். மேட்ச் விஷயமாகச் சண்டை போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானே முடிவு கட்டி, சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். பதினொன்றாவது மாடி, பால் பொங்கியது, பசுமாடு மட்டும் லிஃப்டில் வர மறுத்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் என் மகனின் நண்பர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த வாரம்தான் அவன் ஐந்து வருஷம் இருந்த கம்பெனியை விட்டுவிட்டு, அதற்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கையெழுத்துப் போட்டிருந்தான். "கரெக்டான டைம்ல ஜம்ப் பண்ணிட்டான் அங்கிள்," என்றான் ஒருவன். எனக்குப் பெருமையில் வயிறு நிறைந்தது. அந்தப் பெருமையோடு, அதே வாயால், என் அக்காள் மகன் ஊரை விட்டு லீக்குக்குப் போகப் பார்த்ததையும், நான் காப்புக் கட்டி நிறுத்தியதையும் ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். எல்லைக்கல் பகுதியை விட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, அவருக்கு அங்க வேல தர்றதா சொன்னாங்கன்னு சொன்னீங்களே?"

"அதெல்லாம் சும்மா சொல்லுவானுங்க," என்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஊர் வந்து இறங்கினேன். இறங்கிய இடத்தில் எங்கள் கேப்டன் நின்றிருந்தான். அவன் மணிக்கட்டில் காப்பு இல்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"யாரு அவுத்தது?"

"நீங்க போன் எடுக்கல. சலூன்ல ஒரு பிளேடு வாங்கி எல்லாரும் அறுத்துக்கிட்டோம்," என்றான் சாதாரணமாக. "அவன் மட்டும் மாட்டன்னுட்டான்."

பிறகு கேப்டன் சொன்னது இது. சனிக்கிழமை காலை ஓசூரிலிருந்து டீம் ஓனர் என் அக்காள் மகனுக்கே நேராகப் பேசியிருக்கிறார். அவர்கள் டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது, முக்கியமான பந்து வீச்சாளருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபைனல். "உங்க திருவிழா இன்னிக்கி முடியுதுல்ல, கெளம்பி வா. ஃபைனல் போட்டுட்டு திங்கக்கெழமையே வேலைல சேந்துக்க," என்றிருக்கிறார். அவன் மனைவி பை கட்டி வைத்துவிட்டாள். மஞ்சள் நீராட்டு முடிந்து, அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். பூட்டு. பூசாரியிடம் போயிருக்கிறான். "கட்டுன ஆள் உசுரோட இருக்கறப்ப நான் எப்பிடி அவுக்கறது? உங்க மாமனுக்குப் போன் போடு," என்றிருக்கிறார் அவர். போட்டிருக்கிறான். என் பையில் பதினேழு தவறிய அழைப்புகள் இருந்தன.

"அறுத்துட்டுப் போடான்னு நாங்க எவ்வளவோ சொன்னோம்," என்றான் கேப்டன். "ஆத்தா பேர்ல கட்டுனத அறுத்துட்டு நாளைக்கி எந்த மூஞ்சியோட தொப்பூர் எறங்கறதுன்னு கேக்கறான். அவன் பொண்டாட்டியும் அதயேதான் சொல்லுது. வேல போனா போவுதுங்குது, அழுதுகிட்டே."

டீக்கடையைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். நீதிமன்றம் கூடியிருந்தது. "உன் மருமவன் லீக்குக்கு ஓடிட்டானா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் நிற்கவில்லை.

அவன் வீட்டில் இல்லை. மனைவி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக "வாங்க சித்தப்பா" என்று எழுந்து நிற்கிறவள், தலையை நிமிர்த்தாமல், "வண்டிகிட்ட இருக்குது," என்றாள். அவ்வளவுதான். கட்டிய பை திண்ணை மேல் அப்படியே இருந்தது.

லோடு வண்டி எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் நின்றது. எட்டு நாள் ஓட்டிய மாற்று ஆள் வண்டியை அங்கேதான் விட்டுவிட்டுப் போவானாம், இவன் அதுவரைக்கும்தான் வரமுடியும் என்று. அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்து, நான் வழி நெடுகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். ராட்டினக்காரர் பெயர்கூட அதில் இருந்தது.

அவன் வலது கையை நீட்டினான்.

கயிறு பத்து நாள் வேர்வையிலும் மஞ்சள் தண்ணீரிலும் ஊறிக் காய்ந்து, முடிச்சு மூன்றும் ஒன்றாகிக் கல்லாக இறுகியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற என் விரல்களுக்கு இந்த முடிச்சு பிடிபடவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"வண்டியில பிளேடு இருக்கா?" என்று கேட்டேன்.

"பிளேடு வேணாம் மாமா," என்றான். "பிளேடுல அறுக்கறதா இருந்தா சனிக்கெழமையே அறுத்துருப்பன்."

அதில் குத்தல் இல்லை. நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னான். ஊர், விசுவாசம், சட்டையில் இருக்கிற பெயர் என்று இவனுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தவன் நான். எட்டு நாளில் நான் இரண்டு தடவை எல்லை தாண்டினேன். பத்துப் பேர் ஒரு பிளேடில் வேலையை முடித்துக்கொண்டார்கள். துரோகி என்று நான் பெயர் வைத்தவன் ஒருவன்தான், கட்டிய கைக்காகக் காத்துக்கொண்டு, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தான். அவமானம் என்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தோற்பதுதான் அவமானம் என்று நினைத்திருந்தேன்.

குனிந்தேன். அவன் மணிக்கட்டில் வாயை வைத்து, பல்லால் கடித்து முடிச்சை இழுத்தேன். மஞ்சளும் உப்பும் டீசலும் நாக்கில் கசந்தன. ரோட்டில் போன இரண்டு பேர் பைக்கை நிறுத்திப் பார்த்தார்கள். மூன்றாவது முடிச்சு நெகிழ்ந்தபோது நிமிர்ந்தேன். அவன் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, கண்ணில் ஒற்றி, புங்கமரக் கிளையில் கட்டினான்.

"ஓசூருக்குப் பேசிப் பாரேன்," என்றேன். "நான் வேணா பேசறன். எம் மேல தப்புன்னு சொல்றன்."

"நேத்து ஃபைனல் தோத்துட்டாங்க மாமா. அந்த வேலைக்கு வேற ஆள் எடுத்துட்டாங்களாம். காலையில போன் பண்ணி அவரே சொன்னாரு."

வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினான். எங்கே என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"பாலக்கோட்ல தக்காளி ஏத்தணும்," என்றான். "தொப்பூர் தாண்டுனதும் வூட்டுக்குப் போன் பண்றன்னு சொல்லிடுங்க."

சொல்வதற்காகத் திரும்பி நடந்தேன். அவள் இன்னும் வாசலில்தான் இருந்தாள். சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்து, செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.